செஞ்சிக் கோட்டையைக் கட்டியது யார்?

(செஞ்சியில் நடந்த பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று இவ்வூர்த் தோழர்கள் கேட்டபோது, உங்கள் ஊர்க் கோட்டையைப் பற்றித்தான் என்று சொன்னோம். அவர்களில் ஒருவர் சிரித்துவிட்டு, "பிறந்தது முதல் பார்த்துக்கொண்டிருக்கிற கோட்டை, அதிலே பேசுவதற்கு என்ன இருக்கிறது?" என்றார். அவர் சொன்ன வார்த்தையிலேயே பேச வேண்டிய சங்கதி இருக்கிறது. தினம் பார்க்கிற பொருளைப் பற்றித்தான் மனிதன் யோசிப்பதில்லை. மனிதன் யோசிக்காத இடத்திலே கதை கட்டுகிறவனுக்கு வேலை சுலபமாகிவிடுகிறது.

நாம் ஏழு பேர் ஒரு வாடகை வேன் எடுத்துக்கொண்டு இரண்டு நாளாக இந்தச் சுற்றுவட்டாரத்தைப் பார்த்து வருகிறோம். இதை க்ஷேத்திர யாத்திரை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மொட்டை அடிக்கவில்லை, உண்டியலில் காசு போடவில்லை, எந்தக் குளத்திலும் மூழ்கிப் பாவம் தொலைக்கவும் இல்லை. கல்லிலே கடவுளைப் பார்க்கிறவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். நாம் கல்லிலே உளி பட்ட தடத்தைப் பார்க்கப் போனோம்.

பிரயாணத்தைப் புதுச்சேரிக் கடற்கரையிலே துவக்கினோம். செஞ்சியைப் பார்க்கப் புதுச்சேரிக்கு ஏன் போக வேண்டும் என்று கேட்பீர்கள். அங்கே காந்தியார் சிலையைச் சுற்றி வேலைப்பாடுள்ள உயரமான கல் தூண்கள் நிற்கின்றன அல்லவா, அவை உங்கள் ஊர்த் தூண்கள். இங்கே கோட்டைக்குள் இருக்கிற வெங்கட்டரமணர் கோவிலிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் பெயர்த்துக்கொண்டு போனவை. பூஜையும் நைவேத்தியமும் வாங்கிக்கொண்டிருந்த சாமி தன் வீட்டுத் தூணையே காப்பாற்றிக்கொள்ளவில்லை. தூணைப் பெயர்த்தவன் கண் அவிந்து போனான், கை முடங்கிப் போனான் என்று ஒரு புராணமாவது உண்டா என்று விசாரித்தோம். அதுவும் இல்லை. ஏழை ஒருவன் திருநீறு பூச மறந்தால் தண்டிக்கிற சாமிகள், பீரங்கி வைத்திருப்பவனிடத்தில் எப்பொழுதும் மரியாதையாகவே நடந்துகொள்ளுகின்றன.

அங்கிருந்து விழுப்புரம் வந்து, செஞ்சி ரோட்டிலே வரும்போது மண்டகப்பட்டு என்னும் சிற்றூரைப் பார்த்தோம். ஒரு பாறையைக் குடைந்து செய்த கோவில் அது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஆண்ட மகேந்திரவர்ம பல்லவன் வெட்டுவித்தது. செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பு இல்லை, இவை ஒன்றும் இல்லாமலே பிரமன், சிவன், விஷ்ணு மூவருக்கும் இந்த இடத்தைச் செய்தான் விசித்திரசித்தன் என்று அந்த அரசனுடைய பட்டப் பெயரைப் போட்டுக் கல்வெட்டு இருக்கிறது. அதுவும் சமஸ்கிருதத்திலே. பாறையை வெட்டியவன் படித்துப் பார்த்துவிடக் கூடாது என்று எண்ணினார்களோ என்னமோ! செங்கல் இல்லாமல் செய்தான், சரி. உளி இல்லாமல் செய்தானா? உளி பிடித்த கை இல்லாமல் செய்தானா? இல்லாத சாமான்களுக்கெல்லாம் ஜாபிதா எழுதியவன், இருந்த மனிதனைப் பற்றி ஒரு சொல் எழுதவில்லை. மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் பூஞ்சேரியிலே மட்டும் ஒரு பாறையில் கேவாத பெருந்தச்சன், கொல்லன் சேமகன் என்று வேலைக்காரர்கள் தங்கள் பெயரைத் தாங்களே வெட்டி வைத்திருக்கிறார்கள். அரசன் எழுதாததை அவர்கள் எழுதிக்கொண்டார்கள். அதற்கு ஒரு கோபுரமும் கிடையாது, கும்பாபிஷேகமும் கிடையாது.

நிற்க, கோட்டைக்கு வருவோம். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகிற ரோடு கோட்டையின் நடுவே புகுந்து போகிறது. வடக்கே கிருஷ்ணகிரி, மேற்கே இராஜகிரி, தென்கிழக்கே சந்திரகிரி. மூன்று மலைகளையும் சேர்த்து முக்கோணமாக மதில் போட்டிருக்கிறார்கள். மதிலின் நீளம் 13 கிலோமீட்டர், உள்ளே அடங்கிய நிலம் 11 சதுர கிலோமீட்டர். இராஜகிரியின் உயரம் ஏறக்குறைய 800 அடி. உச்சிக்குப் போவதற்கு முன் பாறை பிளந்து ஒரு பெரும் பள்ளம் இருக்கிறது. அதன்மேல் அந்தக் காலத்திலே மரப் பாலம் போட்டிருந்தார்கள். எதிரி வந்தால் பாலத்தை எடுத்துவிட்டால் தீர்ந்தது. கீழே பார்த்தால் கல்யாண மகால் மாடி மேல் மாடியாக நிற்கிறது. வெளியே இருந்த நீர்த்தேக்கத்திலிருந்து சுடுமண் குழாய் வைத்து அதன் மேல் மாடி வரைக்கும் தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். பெரிய பெரிய களஞ்சியங்கள். கிருஷ்ணகிரியின்மேல் எண்ணெய்க்கும் நெய்க்கும் கல்லிலே தொட்டி. யானை குளிக்க ஒரு குளம், ஜனங்கள் குடிக்க மலைச் சுனைகள்.

தோழர்களே! இதையெல்லாம் பார்க்கும்பொழுது நமக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. தண்ணீர் எந்த உயரத்திலிருந்து விட்டால் எந்த உயரத்துக்கு ஏறும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்துச் செய்திருக்கிறான் ஒருவன். அவன் வருண ஜபம் செய்து குழாயில் தண்ணீர் வரவழைக்கவில்லை. நெல் எத்தனை மாதம் கெடாமல் இருக்கும், எத்தனை வாய்க்கு எத்தனை கலம் வேண்டும் என்று யோசித்துக் களஞ்சியம் கட்டியிருக்கிறான். முற்றுகை வந்தால் அட்சய பாத்திரம் கைகொடுக்கும் என்று அவன் நம்பியிருக்கவில்லை. கோட்டை கட்டுகிற வேலையிலே அந்தக் காலத்து மனிதன் பகுத்தறிவை உபயோகித்திருக்கிறான். வேலையை முடித்துவிட்டுத்தான் பக்கத்திலே ஒரு சாமியை உட்கார வைத்து, எல்லாம் அதன் கிருபை என்று சொல்லிவிட்டான்.

ஆனால் இராஜாக்கள் காலம் பொற்காலம் என்று பேசுகிறவர்களுக்கு இன்னொரு இடத்தையும் காட்ட வேண்டும். இராஜகிரி அடிவாரத்திலே சக்கரக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பாறை. அதன் நடுவிலே கிணறு போல ஒரு பொந்து. அதன்மேல் செங்கல்லால் விளிம்பு கட்டியிருக்கிறது. கைதிக் கிணறு என்று பெயர். குற்றவாளிகளை அதிலே தள்ளிவிட்டுப் பட்டினியாலே சாக விட்டுவிடுவார்களாம். நம்முடன் வந்த பெண் தோழர் ஒருவர் அந்த விளிம்பைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு மத்தியானம் சோறு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கோட்டையை முதலிலே கட்டியவர் யார் என்றால் ஊரிலே ஒரு கதை வழங்குகிறது. ஏறக்குறைய 1200ம் வருஷ வாக்கிலே ஆனந்தக் கோன் என்பவர் ஆடு மேய்க்கும்போது மலைப் பொந்திலே புதையல் கிடைத்தது, அதை வைத்துக் கோட்டை கட்டினார் என்பது கதை. இதைச் சற்று யோசித்துப் பாருங்கள். நாயக்கர் கட்டினார் என்று சொல்லும்பொழுது புதையல் கிடைத்ததா என்று யாரும் கேட்பதில்லை. மராட்டியர் பலப்படுத்தினார் என்றால் புதையல் வேண்டியதில்லை. ஆடு மேய்த்தவன் கட்டினான் என்று சொல்லும்போது மாத்திரம் புதையல் வேண்டியிருக்கிறது! அவனுக்கு இந்த மலையிலே எந்தச் சுனை எந்த மாதத்தில் வற்றும், எந்தச் சரிவிலே ஆள் ஏற முடியும், எந்தச் சரிவிலே ஆடுகூட ஏறாது என்பதெல்லாம் தெரியும். கோட்டைக்கு இடம் பார்க்க அவனைவிடத் தகுந்த என்ஜினியர் யார்? அந்த அறிவைப் பெருமையாகச் சொல்ல மனம் வராமல், தெய்வாதீனமாகப் புதையல் கிடைத்தது என்று சொல்லிவிட்டார்கள். நம்மவர்களும் அதையே பெருமையாகப் பாடிக்கொண்டிருக்கிறார்கள்.

பிறகு கோட்டை கைமாறிய கதை பெரிது. விஜயநகரத்தார், அவர்களுடைய நாயக்கர்கள், 1649ல் பிஜப்பூர் சுல்தான், 1677ல் சிவாஜி, 1698ல் மொகலாயர், 1714ல் ஆர்க்காட்டு நவாபு, 1750ல் பிரெஞ்சுக்காரர், 1761ல் இங்கிலீஷ்காரர். 1780ல் ஹைதர் அலியும் ஒரு கை பார்த்தார். இதிலே 1690 முதல் 1698 வரை நடந்த முற்றுகை ஒன்றை மட்டும் சொல்லுகிறோம். உள்ளே சிவாஜி மகன் இராஜாராம், வெளியே ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர்கான். உள்ளே பூஜை நடந்தது, வெளியே தொழுகை நடந்தது. எட்டு வருஷம் இரண்டு பக்கத்துக் கடவுள்களும் சும்மா இருந்தார்கள். தளபதி வேண்டுமென்றே முற்றுகையை இழுத்தடிக்கிறான், உள்ளே இருப்பவர்களோடு இரகசிய ஏற்பாடு வைத்திருக்கிறான் என்று அந்தக் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். கடைசியில் இராஜாராம் தப்பிப் போன பிறகு கோட்டை விழுந்தது. எட்டு வருஷம் தாங்கிய அதே கோட்டையை 1750ல் புஸ்ஸி என்னும் பிரெஞ்சுத் தளபதி ஒரே இரவிலே பிடித்தான். விடிந்த பின் மதிலையும் மலையையும் பார்த்து, நாமா இதில் ஏறினோம் என்று அவர்களே ஆச்சரியப்பட்டார்களாம். அதே மலை, அதே மதில், அதே சாமி. வித்தியாசம் எங்கே இருந்தது? காவல் இருந்தவனிடத்திலும் வந்தவனிடத்திலும்தான்.

நாயக்கர் காலத்தைப் பற்றி ஒரு சேதி. 1597ல் பிமெந்தா என்னும் கிறிஸ்தவப் பாதிரியார் இந்த ஊருக்கு வந்து, கோட்டையைப் பார்த்து வியந்து எழுதியிருக்கிறார். அவரே சிதம்பரத்தில் நடந்ததையும் எழுதியிருக்கிறார். அப்போது செஞ்சியை ஆண்ட கிருஷ்ணப்ப நாயக்கர் வைணவர். சிதம்பரம் கோவிலுக்குள்ளே கோவிந்தராஜருடைய சந்நிதியைப் புதுப்பிக்க வேண்டும் என்றார். நடராஜர் பூசாரிகள் கூடாது என்றார்கள். அவர் கேட்கவில்லை. அவர்கள் கோபுரத்தின்மேல் ஏறி ஒருவர் பின் ஒருவராகக் குதித்தார்கள். 20 பேர் செத்தார்கள். நாயக்கர் மனம் இரங்கினாரா? துப்பாக்கியால் சுடச் சொன்னார். இன்னும் 2 பேர் செத்தார்கள். இது இந்து மதத்துக்கு விரோதி யாரும் வெளியிலிருந்து வந்து செய்த காரியம் அல்ல. ஹரியும் சிவனும் ஒன்று என்று சொல்லுகிறார்களே, அந்த ஒன்றுக்கும் ஒன்றுக்கும் நடந்த சண்டை. இதிலே செத்தவர்களைப் பற்றி நமக்குப் பரிகாசம் இல்லை. அவர்களும் மனிதர்கள்தான். ஒரு கல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு கல் வரக்கூடாது என்பதற்காக உயிரை விடும்படி அவர்களைப் பழக்கிய நம்பிக்கையைத்தான் கேட்கிறோம்.

இனித் தேசிங்கு ராஜா சமாசாரம். இதைச் சொல்லாமல் செஞ்சியில் யாரும் மேடையை விட்டு இறங்க விடமாட்டீர்கள். தெருக்கூத்திலும் கதைப் பாட்டிலும் கேட்டிருக்கிறீர்கள். 1960ல் சினிமாவும் வந்தது. வாலிபன், பட்டத்துக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வரிப் பாக்கிக்காக ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகான் பெரும் சேனையோடு வந்தான். தேசிங்கிடம் இருந்தது சில நூறு குதிரைக்காரர்கள். 1714 அக்டோபர் 3ந் தேதி சண்டையில் செத்தான். அவனுடைய சிநேகிதன் மகபத்கான், ஒரு முஸ்லிம், கல்யாணத்தை விட்டுவிட்டு வந்து கூடவே செத்தான் என்று கதை சொல்லுகிறது. மதத்தின் பேரால் மனிதனைப் பிரிக்கிறவர்கள் இந்தக் கதையை அந்த இடத்தில் மட்டும் மெதுவாகப் பாடுவார்கள்.

செஞ்சிக்கு வடக்கே சிங்கவரம் போனோம். மலையைக் குடைந்து செய்த பல்லவர் காலத்துக் கோவில். பாறையோடு பாறையாக ரங்கநாதர் படுத்திருக்கிறார். தேசிங்கு அங்கே போய்ச் சண்டைக்கு உத்தரவு கேட்டானாம். போகாதே என்று குறிப்புக் காட்டுவதற்காக ரங்கநாதர் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். திரும்பின முகம் இன்றைக்கும் அப்படியே இருக்கிறதாம். படிக்கட்டிலே பூ விற்றுக்கொண்டிருந்த ஒரு பாட்டியிடம் கேட்டோம். "ஏன் பாட்டி, பாறையிலே செதுக்கின தலை திரும்பினால் கழுத்திலே விரிசல் விட்டிருக்க வேண்டாமா?"

பாட்டி கொஞ்ச நேரம் நம்மைப் பார்த்துவிட்டு, "அது எனக்கு என்னா தெரியும் சாமி. பெரியவங்க சொன்னாங்க, கேட்டுக்கினோம்" என்றது.

அந்தப் பாட்டி சொன்னது யோக்கியமான பதில். எழுதப் படிக்கத் தெரிந்து, பட்டமும் வாங்கிவிட்டு, இதே கதையைப் புத்தகத்தில் போட்டு விற்கிறவர்களிடம் அந்த யோக்கியமும் இல்லை. தேசிங்கு பிறப்பதற்கு ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே சிற்பி அந்தத் தலையை எந்தப் பக்கம் வைத்தானோ அந்தப் பக்கம்தான் அது இருக்கிறது. மேலும் கேட்கிறோம்: சாவான் என்று தெரிந்திருந்தால், கழுத்தைத் திருப்பத் தெரிந்த சாமிக்கு வாயைத் திறக்க என்ன கஷ்டம்? நவாபின் சேனையைத் திருப்பியிருக்கக் கூடாதா? தோற்ற பிறகு, "சாமி அப்பொழுதே சொல்லிற்று" என்று எழுதினால் சாமியின் மானம் தப்பிவிடுகிறது. ஜெயித்திருந்தால், "சாமி தலையை அசைத்து உத்தரவு கொடுத்தது" என்று எழுதியிருப்பார்கள். இரண்டுக்கும் அதே தலைதான்.

ஆனால் இந்தக் கதையிலே நம்மை மிகவும் வருத்துவது அது அல்ல. செட்டிக்குளத்தின் கரையிலே ஒரு மேடை இருக்கிறது. தேசிங்கை எரித்த இடம் என்றும், அவன் பெண்டாட்டி, சின்னஞ்சிறு பெண், அதே தீயில் இறங்கிய இடம் என்றும் காட்டுகிறார்கள். அந்தப் பெண்ணின் நினைவாகத்தான் நவாபு இராணிப்பேட்டை என்று ஊருக்குப் பெயர் வைத்தான் என்று சொல்லப்படுகிறது. கொன்றவனும் புகழுகிறான், சொந்தக்காரனும் புகழுகிறான். புகழ்ச்சியைக் கேட்பதற்கு அவள் இல்லை. புருஷனை இழந்த ஒரு பெண் உயிரோடு இருந்து, ஒரு வேளை மறுமணம் செய்துகொண்டு, பிள்ளை பெற்று, கிழவியாகிச் செத்திருந்தால் அவள் பெயரால் ஒரு தெருவாவது இருக்குமா? எரிந்தால் ஊர், இருந்தால் வசவு. இந்த வழக்கத்தை 1829ல் வங்காளத்திலும் 1830ல் சென்னை மாகாணத்திலும் சட்டம் போட்டுத்தான் நிறுத்த வேண்டியிருந்தது. எந்த ஆசாரியாரும் நிறுத்தவில்லை. 1929ல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டிலே பெண்ணுக்குச் சொத்தில் சமபங்கு என்று தீர்மானம் போட்டபோது, குடும்பம் குலைந்துவிடும் என்றார்கள். 1989ல் தமிழ்நாட்டில் அது சட்டமாயிற்று. குடும்பம் எதுவும் குலைந்துவிடவில்லை. அண்ணன் தம்பிகள் இன்னும் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஏமாற்றுவதுதான் பாக்கி. இங்கே உட்கார்ந்திருக்கிற தாய்மார்கள் அந்தப் பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்று கேட்டுக்கொள்ளுகிறோம்.

சிங்கவரத்துக்குப் பக்கத்திலே திருநாதர் குன்று. ஒரு பாறையிலே 24 தீர்த்தங்கரர்களையும் இரண்டு வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். சந்திரநந்தி என்னும் துறவி 57 நாள் உண்ணாமல் இருந்து உயிர் விட்டார் என்று பழைய கல்வெட்டு இருக்கிறது. பட்டினி கிடந்து சாவதை நாம் ஒப்பவில்லை. ஆனால் உலகத்தைப் படைத்த கடவுள் ஒருவன் உண்டு என்பதை ஏற்காத ஒரு கூட்டம் இந்தத் தமிழ்நாட்டிலே எத்தனையோ நூற்றாண்டு மானமாக வாழ்ந்திருக்கிறது என்பதற்கு அந்தப் பாறை சாட்சி. நாத்திகம் நேற்று ஈரோட்டிலிருந்து வந்தது என்று சொல்லுகிறவர்கள் ஒரு நாள் அந்தக் குன்றுக்குப் போய் வரட்டும்.

இப்பொழுது ஒரு புதுப் பெருமை வந்திருக்கிறது. 2025ம் வருஷம் ஜூலை மாதத்திலே யுனெஸ்கோ சபையார் செஞ்சியை உலகப் பாரம்பரியச் சின்னங்களிலே சேர்த்திருக்கிறார்கள். மராட்டிய இராணுவ நிலப்பரப்புகள் என்ற தலைப்பிலே 12 கோட்டைகள். அதிலே 11 மகாராஷ்டிரத்தில், ஒன்று செஞ்சி. மராட்டியர் கையில் இருந்தது 1677 முதல் 1698 வரை, 21 வருஷம்தானே, அவர்கள் பெயரில் எப்படிச் சேர்க்கலாம் என்று கேட்பது நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கு மாற்றாக நாயக்கர் கோட்டை என்று போடு, கோன் கோட்டை என்று போடு என்று ஜாதிக்கு ஒரு கொடி தூக்கிக்கொண்டு கிளம்புவதிலே நமக்கு உற்சாகம் இல்லை. எந்தப் பெயரைப் போட்டாலும் அது ஆண்டவன் பெயராகத்தான் இருக்கும். கல் சுமந்தவன் பெயராக இருக்காது.

இருக்காது என்று சொன்னோம். ஒரு இடத்திலே இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தோம்.

மூன்று மலை என்றுதான் எல்லோரும் சொல்லுகிறார்கள். நான்காவது ஒன்று உண்டு. சந்திரகிரியை ஒட்டி, சிறியது. அதற்கும் உச்சியிலே மதில் கட்டியிருக்கிறது. அதன் பெயர் சக்கிலி துர்க்கம். அந்தச் சொல்லை இன்று வசவாக வழங்குகிறார்கள் என்பது தெரியும்; மலைக்கு ஏட்டிலே உள்ள பெயர் அதுவானபடியாலே சொல்லுகிறோம். அருந்ததியத் தோழர்கள் மன்னிக்க வேண்டும். அந்தப் பெயர் ஏன் வந்தது? சேனைக்குத் தோல் வேலை செய்தவர்கள் அங்கே குடியிருந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். நம் புத்திக்கு அது பொருத்தமாகவே படுகிறது. குதிரைக்குச் சேணம் தோல். கடிவாளத்து வார் தோல். வாளுக்கு உறை தோல். கேடயம் தோல். கமலை இறைக்கிற சால் தோல். முரசு தோல். வீரன் காலிலே இருந்த செருப்பு தோல். பாராசாரி என்று குதிரைக்குப் பெயர் வைத்துப் பாடுகிறீர்களே, சேணமும் கடிவாளமும் இல்லாமல் அதன்மேல் ஏறித் தேசிங்கு எவ்வளவு தூரம் போயிருப்பான்? தோல் வேலை செய்கிறவன் ஒரு மாதம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இராஜகிரியும் கிருஷ்ணகிரியும் வெறும் பாறைதான்.

கோட்டையின் அந்த மூலைக்குப் போகிறவர் இல்லை. அடிவாரம் வரைக்கும் முள்ளும் புதருமாகக் கிடக்கிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் இராஜகிரி ஏறிப் படம் பிடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். கோட்டைக்குள்ளே நான்காவது மலையை எப்படி ஒதுக்கி வைத்திருக்கிறார்களோ, அப்படியே இந்த வட்டாரத்திலே ஊர் ஒரு பக்கம், காலனி ஒரு பக்கம், சுடுகாடு இரண்டு. 2009ல் தமிழ்நாடு அரசு அருந்ததியருக்கு, 18 சதவிகிதத்துக்குள்ளே 3 சதவிகிதம் உள் ஒதுக்கீடு கொடுத்தது. இப்படி உள் ஒதுக்கீடு கொடுப்பது செல்லும் என்று 2024 ஆகஸ்டிலே சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிவிட்டது. அந்த 3 சதவிகிதத்திலே படித்து வெளியே வருகிற பிள்ளைகள், இந்த மலை எங்கள் பாட்டன் பூட்டனுடையது என்று தெரிந்துகொள்ள வேண்டுமா வேண்டாமா? பள்ளிக்கூட வாத்தியார்கள் பிள்ளைகளைக் கோட்டைக்கு அழைத்து வருகிறார்கள். தேசிங்கு குதிரை தாண்டின கதையைச் சொல்லி அழைத்துப் போகிறார்கள். அப்படியே பக்கத்து மலையையும் கையால் காட்டி, அங்கே இருந்தவர்கள் என்ன வேலை செய்தார்கள் என்று ஐந்து நிமிஷம் சொல்லலாம். அதற்குச் சர்க்கார் உத்தரவு வேண்டியதில்லை.

அமாவாசை வந்தால் மேல்மலையனூருக்கு இந்த வழியாக எத்தனை பஸ் போகிறது என்று உங்களுக்கே தெரியும். விடிய விடிய விழித்திருக்கத் தெரிந்த ஜனங்களுக்கு ஒரு பகல் கோட்டை ஏற நேரம் கிடைக்காதா? வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையிலே, வெயில் ஏறுவதற்கு முன், இவ்வூர்த் தோழர்கள் குடும்பத்தோடு போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். தண்ணீரும் கட்டுச்சோறும் கொண்டு போங்கள். ஊர்க்காரரும் காலனிக்காரரும் ஒரே இலையைப் பிரித்து உட்காருங்கள். முதலிலே நான்காவது மலைப் பக்கம் போய்விட்டுப் பிறகு இராஜகிரிக்கு ஏறலாம். முள் வெட்டுவதற்கு இரண்டு அரிவாள் இருந்தால் நல்லது.

நமக்குப் பின் பேச வேண்டிய தோழர் வெகு நேரமாகக் காத்திருக்கிறார். ஆகவே இத்துடன் நிறுத்திக்கொள்ளுகிறோம்.